ஸ்டெர்லிங் ஹேடன்: கேள்விகளும் என் பதில்களும்

ஸ்டெர்லிங் ஹேடன் நடித்த 'தி கில்லிங்' படத்தைப் பற்றி நான் எழுதிய சின்னக் குறிப்புக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. சரி, மொத்தமாக உட்கார்ந்து பதில் சொல்லிவிடலாம். தெரியாதவர்களுக்கு: ஸ்டெர்லிங் ஹேடன் 1916-ல் நியூ ஜெர்சியில் பிறந்து 1986-ல் கலிஃபோர்னியாவின் சாஸலிட்டோவில் இறந்த அமெரிக்க நடிகர். அதற்கு முன்னால் மாலுமி, அதற்குப் பின்னால் எழுத்தாளர். நான் பதில் சொல்லக்கூடியது படங்களைப் பற்றியும் அந்தக் கால ஹாலிவுட் அரசியலைப் பற்றியும்தான். கப்பலில் எத்தனை பாய், எந்தக் காற்றுக்கு எதை இறக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டால் கைவிரித்துவிடுவேன்.

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. ஹேடனைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பாதி அவருடைய சுயசரிதையிலிருந்து அப்படியே எடுத்தது. அவர் பிரமாதமான கதைசொல்லி. அதனாலேயே கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும்.

கொட்டாய் ரசிகன்: அக்கா, பெயரைக் கேட்டால் முகம் ஞாபகம் வரவில்லை. 'காட்ஃபாதர்' படத்தில் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அல் பசினோ சுடுவாரே, அந்தப் போலீஸ் அதிகாரியா?

அவரேதான். கேப்டன் மெக்ளஸ்கி. ஆஸ்பத்திரி வாசலில் பசினோவின் தாடையைப் பெயர்ப்பதும் அவர்தான். திரையில் சில நிமிடங்கள்தான் வருகிறார், ஆனால் நாற்காலியில் உட்காரும் தோரணையைப் பார்த்தாலே இந்த ஆள் எத்தனை வருஷமாக மாமூல் வாங்குகிறார் என்று தெரிந்துவிடும். காட்ஃபாதர் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்வோம், அதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது.

மாலுமி மகன்: கப்பலில் இருந்தவர் எப்படி சினிமாவுக்கு வந்தார்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

இதை யாராவது கேட்பார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறந்தபோது பெயர் ஸ்டெர்லிங் ரெல்யே வால்டர். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்ட ஜேம்ஸ் ஹேடன் என்பவர் பையனைத் தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுத்தார், கூடவே ஓரிடத்தில் தங்காத ஒரு வாழ்க்கையையும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பையன் பாய்மரக் கப்பலில் ஏறிவிட்டான். இர்விங் ஜான்சனின் 'யாங்கி' கப்பலில் மேட்டாக, அதாவது கேப்டனுக்குத் துணை அதிகாரியாக, வேலை பார்த்து உலகத்தைச் சுற்றி வந்தார். 1938-ல், 22 வயதில், 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்' என்ற கப்பலை மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்திலிருந்து டஹிட்டி வரைக்கும் கேப்டனாக இருந்து ஓட்டிக்கொண்டு போனார். இப்போது 22 வயதில் நம் பிள்ளைகள் வண்டி எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனாலே நாம் நாலு தடவை போன் போடுகிறோம்.

அதே வருஷம்தான் குளோஸ்டர் மீனவர்களின் 'கெர்ட்ரூட் எல். திபோ'வுக்கும் கனடாவின் புகழ்பெற்ற 'புளூநோஸ்' கப்பலுக்கும் பந்தயம் நடந்தது. திபோவில் ஹேடன் ஒரு மாலுமி. பந்தயத்தைப் பார்க்க வந்த பத்திரிகைக்காரர்கள் கப்பலைவிட இந்த ஆறரை அடிப் பொன்முடிக்காரனைத்தான் அதிகம் பார்த்தார்கள். படம் வெளிவந்தது, பேச்சு பரவியது, 1940-ல் பாரமவுண்ட் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. ஹேடன் கையெழுத்துப் போட்ட காரணம் ஒன்றுதான்: சொந்தமாக ஒரு கப்பல் வாங்கப் பணம் வேண்டும். நடிக்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்கும் இல்லை, கடைசி வரை வரவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் அவருடைய பாதி வாழ்க்கை விளங்கிவிடும்.

1941-ல் இரண்டு படம், 'வர்ஜீனியா', 'பஹாமா பாசேஜ்', இரண்டிலும் மேடலின் கேரல் ஜோடி. சினிமாவிலேயே மிக அழகான ஆண் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. அந்த விளம்பரத்தை அவர் எவ்வளவு வெறுத்தார் என்றால், இரண்டாவது படத்தோடு மூட்டை கட்டிவிட்டார்.

முதல் பெஞ்ச்: உயரம் எவ்வளவு?

6 அடி 5 அங்குலம். மேலே ஆறரை அடி என்றது பேச்சு வழக்கில்.

மதுரை மல்லி: மேடலின் கேரலைத்தானே கல்யாணமும் செய்துகொண்டார்? ஏன் பிரிந்தார்கள்?

1942-ல் கல்யாணம், 1946-ல் விவாகரத்து. இடையில் இருந்தது உலகப் போர். கேரலின் தங்கை லண்டன் குண்டுவீச்சில் இறந்த பிறகு, ஹாலிவுட்டின் உச்சத்தில் இருந்த அந்தப் பெண் நடிப்பை விட்டுவிட்டுக் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்யப் போய்விட்டார். அவருக்கே தனியாக ஒரு கேள்வி பதில் போடலாம். மற்றபடி யார் யாரை ஏன் பிரிந்தார்கள் என்பதெல்லாம் என் இலாகா இல்லை.

சந்தேகப் பிராணி: போரில் ரகசிய உளவாளியாக இருந்தார், பாராசூட்டில் குதித்தார், யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவே பதக்கம் கொடுத்தார் என்றெல்லாம் படித்தேன். நடிகர்களின் போர்க்கதை என்றாலே எனக்குச் சந்தேகம்.

சந்தேகம் நல்லதுதான். ஆனால் இவர் விஷயத்தில் அடிப்படை உண்மை உறுதியானது. கடற்படைத் துருப்பில், மரீன்களில், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார், அதுவும் ஜான் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டு. நட்சத்திரம் என்று யாரும் சலுகை காட்டக் கூடாது என்பதற்காக. அப்புறம் ஓ.எஸ்.எஸ். என்ற உளவு அமைப்புக்கு மாறினார், இன்றைய சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடி அது. இத்தாலியிலிருந்து ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டி யுகோஸ்லாவியாவில் ஜெர்மானியர்களை எதிர்த்துப் போராடிய பார்ட்டிசான் படைகளுக்கு ஆயுதமும் சாமானும் கொண்டுபோகும் வேலை. அமெரிக்க அரசு சில்வர் ஸ்டார் என்ற போர்ப் பதக்கம் கொடுத்தது, டிட்டோவின் ஆட்களும் பாராட்டினார்கள். பாராசூட் சாகசங்களை மட்டும் ஒரு சிட்டிகை உப்பாவது சேர்த்துப் படியுங்கள். இந்த மனிதரின் பெரிய காரியமே படகில் நடந்ததுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பார்ட்டிசான்கள் கம்யூனிஸ்டுகள். அவர்களைப் பார்த்து அசந்துபோய்த்தான் ஊர் திரும்பியதும் 1946-ல் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே விட்டும் விட்டார். அந்தச் சில மாதங்கள் வாழ்க்கை முழுவதும் துரத்தின. எப்படியும் யாராவது கேட்கப்போகிறீர்கள், கீழே வருகிறேன்.

தூத்துக்குடிக்காரன்: அக்கா, 'ஜாஸ்' படத்தில் நடித்திருக்க வேண்டியவர் இவர்தான் என்கிறார்களே?

சுறா வேட்டைக்காரர் க்வின்ட் வேடம். லீ மார்வின் வேண்டாம் என்றதும் ஸ்பில்பெர்க் இவரைத்தான் நினைத்தார். ஹேடனுக்கு வருமான வரி பாக்கி இருந்தது. நடித்துச் சம்பாதித்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் நிலைமை. கைகூடவில்லை. ராபர்ட் ஷா நடித்தார். நன்றாகவே நடித்தார்.

நள்ளிரவு வாசகி: நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை. எனக்கு அவர் நடிப்பே வரவில்லை. முகத்தில் ஒரு அசைவும் கிடையாது, மரக்கட்டை மாதிரி நிற்கிறார்.

திட்ட மாட்டேன், அவரே உங்கள் கட்சிதான். 1950-களில் எடுத்த வெஸ்டர்ன் படங்களில் பலவற்றை அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வீட்டுக் கடன், ஜீவனாம்சம், மனநல மருத்துவர் கட்டணம், எப்போதும் பாதியில் நிற்கும் ஒரு கப்பல், இதற்கெல்லாம் பணம் வேண்டுமென்று வந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டார். 'கன்சாஸ் பசிஃபிக்' பார்த்துவிட்டு மரக்கட்டை என்று சொன்னால் நான் வாதாட வரமாட்டேன்.

ஆனால் 'தி அஸ்ஃபால்ட் ஜங்கிள்' (1950) பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஜான் ஹஸ்டன் படம். நகைக்கடைக் கொள்ளைக்குத் துணையாகச் சேர்க்கப்படும் அடியாள் டிக்ஸ் ஹேண்ட்லி. கென்டக்கியில் குடும்பத்துக்கு இருந்த குதிரைப் பண்ணை கைவிட்டுப் போய்விட்டது, அதைத் திரும்ப வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. கொள்ளை, கூட்டாளிகள், நகரம், எதிலும் அவனுக்கு ஒட்டுதல் கிடையாது. யோசித்துப் பாருங்கள், கப்பல் வாங்கக் காசு சேர்ப்பதற்காக வேண்டாவெறுப்பாகக் கேமரா முன்னால் நிற்கும் ஒருவனிடம் இந்த வேடத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? நடிக்கவே வேண்டியதில்லை. நீங்கள் மரக்கட்டை என்று சொல்லும் அதே விறைப்பு இங்கே, இந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று துடிக்கும் ஒருவனின் உடம்பாகத் தெரிகிறது. குண்டடிபட்டு ரத்தம் ஒழுக ஒழுகக் கார் ஓட்டிக்கொண்டு கென்டக்கிக்குப் போவான் பாருங்கள், அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை வேறு எந்த 'நல்ல' நடிகரிடம் கொடுத்தாலும் கண்ணீர் வரவழைக்க முயன்று கெடுத்திருப்பார்.

'தி கில்லிங்' (1956) அதே கதைதான், இன்னும் இறுக்கமாக. குதிரைப் பந்தய மைதானத்தில் 20 லட்சம் டாலர் கொள்ளை. படத்தின் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அப்போது இருபதுகளில் இருந்த, பெரிதாகப் பெயர் எடுக்காத ஒரு புகைப்படக்காரர். பணம் போட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனி நடிகர் விக்டர் மெச்சூருக்காகக் காத்திருக்கச் சொன்னது, குப்ரிக்கும் தயாரிப்பாளர் ஹாரிஸும் ஹேடன் போதும் என்று நின்றார்கள். படம் காலத்தை முன்னும் பின்னும் இழுத்துக் கலைத்துப் போடுகிறது, பார்ப்பவர் குழம்பாமல் இருக்க ஒரு தூண் வேண்டும், அது ஹேடனின் குரல். படபடவென்று, தந்தி அடிப்பது போல, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைச் சொல்லிக்கொண்டே போவார். கடைசிக் காட்சியைச் சொல்ல மாட்டேன். விமான நிலையம், ஒரு மலிவுப் பெட்டி, ஒரு சின்ன நாய். போதும்.

அதோடு ஆந்த்ரே டி டாத் எடுத்த 'கிரைம் வேவ்' (1954) பாருங்கள். வார்னர் கம்பெனி பெரிய நட்சத்திரமான ஹம்ஃப்ரி போகார்ட்டைப் போடச் சொன்னது, டி டாத் ஹேடன்தான் வேண்டும் என்றார், அதற்குத் தண்டனையாகப் பட்ஜெட்டும் படப்பிடிப்பு நாட்களும் வெட்டப்பட்டன. லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களிலேயே எடுத்த படம். எப்போதும் வாயில் ஒரு பல்குச்சியைக் கடித்துக்கொண்டு, அந்தத் தாழ்ந்த கூரை போலீஸ் ஸ்டேஷனில் குனிந்தே நடமாடும் அதிகாரியாக வருவார். அந்தப் பல்குச்சி ஒன்று போதும்.

பழைய ரீல்: இவர்தானே 'பென் ஹர்' தேர்ப் பந்தயத்தில் வருபவர்?

அது சார்ல்டன் ஹெஸ்டன்.

சிவப்புத் துண்டு: எல்லாம் சரி, இவர் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர் என்பதை ஏன் இன்னும் சொல்லவில்லை? பல்குச்சி பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிறீர்கள்.

கீழே வருகிறேன் என்றுதானே சொன்னேன். வந்துவிட்டேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: 1947-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரு குழு, ஹுவாக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேட ஆரம்பித்தது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் சிறைக்குப் போனார்கள். அந்த விசாரணையைக் கண்டித்து போகார்ட், அவர் மனைவியும் நடிகையுமான பக்கால், ஹஸ்டன் எல்லாரும் விமானம் ஏறி வாஷிங்டன் போனார்களே, அந்த விமானத்தில் ஹேடனும் இருந்தார். 1950-ல் கொரியப் போர் தொடங்கியதும் பயம் வந்துவிட்டது. வழக்கறிஞர் மூலம் எஃப்.பி.ஐ.யிடம் தானாகவே போனார். 1951 ஏப்ரல் 10-ஆம் தேதி குழு முன்னால் உட்கார்ந்து, கட்சியில் இருந்ததை ஒப்புக்கொண்டு, தனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். அதில் ஒருத்தி அவர் ஒரு காலத்தில் நேசித்த பெண். பத்திரிகைகள் தேசபக்தர் என்று பாராட்டின, சினிமா வாய்ப்புகள் தொடர்ந்தன.

பெயர் சொல்லப்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. இதில் மழுப்ப எதுவும் இல்லை.

நடுவர் நாற்காலி: அக்கா, ஆனால் அவர் பிற்பாடு வருத்தப்பட்டாரே? பெயர் சொன்ன இயக்குநர் எலியா கஸான் கடைசி வரை நியாயப்படுத்திக்கொண்டே இருந்தார். இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

வைக்க முடியாது. கஸான் சாட்சி சொன்னது 1952 ஏப்ரல் 10, சரியாக ஒரு வருஷம் கழித்து. உடனே நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்துத் தன் செயலுக்கு நியாயம் சொன்னார், மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொன்னார். 1999-ல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தபோது அரங்கத்தில் பலர் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஹேடன் 1963-ல் 'வாண்டரர்' என்ற சுயசரிதையில், அந்தக் காரியத்தைச் செய்த நாளிலிருந்து தன்மேல் தனக்கு எவ்வளவு அருவருப்பு என்று எழுதினார். நீங்கள் இல்லையென்றால் இப்படி ஆகியிருக்க மாட்டேன் என்று மனநல மருத்துவரிடம் சீறியதையும் எழுதுகிறார், ஆனால் அருவருப்பு தன்மேல்தான்.  சுயசரிதையை ஜாக்கிரதையாகப் படியுங்கள் என்று முதலில் சொன்னேனே, நான் ஜாக்கிரதை இல்லாமல் நம்புவது இந்தப் பக்கங்களை மட்டும்தான். தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள எவனும் இப்படி எழுத மாட்டான்.

சிவப்புத் துண்டு: வருத்தப்பட்டால் ஆச்சா? வேலை போனவனுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா? பெயர் சொல்ல மறுத்த நடிகர் ஜான் கார்ஃபீல்ட் 39 வயதில் செத்தார். ஹேடன் 70 வயது வரை இருந்து புத்தகம் எழுதிப் பெயர் வாங்கினார்.

கார்ஃபீல்டை ஹேடன் சாகடிக்கவில்லை, அதை முதலில் பிரித்துக்கொள்வோம். ஆனால் நீங்கள் ஒப்பிடுவது சரியான ஒப்பீடு. கார்ஃபீல்ட் அதே மாதம், ஏப்ரல் 23, அதே குழு முன்னால் உட்கார்ந்தார். ஒரு பெயரும் சொல்லவில்லை. வாய்ப்புகள் நின்றன. 1952 மே மாதம் மாரடைப்பு. அவருக்கு இருந்த குடும்பமும் ஹேடனுக்கு இருந்த குடும்பமும் ஒன்றுதான், புகழ் இன்னும் அதிகம், இழக்க இன்னும் அதிகம் இருந்தது. அதனால் 'வேறு வழியில்லை' என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. வழி இருந்தது. விலை பெரிது.

இன்னொன்றும் சொல்கிறேன். பெயர் சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதும் நிச்சயமில்லை. நடிகர் லேரி பார்க்ஸ் 1951 மார்ச்சில், என்னை இப்படிச் சேற்றில் ஊர்ந்துபோக வைக்காதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தார், விடவில்லை, பெயர்களைச் சொன்னார். அவருடைய நட்சத்திர வாழ்க்கையும் அதோடு முடிந்தது. தயங்கியதே குற்றம். ஹேடன் தப்பித்ததற்குத் தானாக முன்வந்ததும் போர்ப் பதக்கமும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கறுப்பு வெள்ளை: அந்தப் பத்துப் பேரில் ஒருவரான திரைக்கதை எழுத்தாளர் டால்டன் டிரம்போவே 1970-ல், அந்தக் காலத்தில் வில்லனும் இல்லை, ஹீரோவும் இல்லை, எல்லாரும் பலியாட்கள்தான் என்று பேசினாரே? சிறைக்குப் போனவரே மன்னித்துவிட்டபோது நாம் யார்?

டிரம்போ சொன்னதை, அவரைப் போலவே சிறைக்குப் போன ஆல்பர்ட் மால்ட்ஸ் பிற்பாடு கடுமையாக எதிர்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மன்னிக்கும் உரிமை டிரம்போவுக்கு உண்டு, மன்னிக்காத உரிமை மால்ட்ஸுக்கும் உண்டு. நமக்கு இரண்டுமே கிடையாது, தெரிந்துகொள்ளத்தான் முடியும்.

ஆனால் டிரம்போ பெயரை எடுத்ததற்கு நன்றி, ஏனென்றால் இந்தக் கதையில் யாரும் பேசாத ஒரு படம் இருக்கிறது. 'டெரர் இன் எ டெக்சாஸ் டவுன்' (1958), ஜோசஃப் எச். லூயிஸ் இயக்கியது. ஹேடன் அதில் சுவீடனிலிருந்து வந்த திமிங்கில வேட்டைக்காரன். அப்பாவைக் கொன்று நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிறவனின் துப்பாக்கிக்காரனை எதிர்த்துக் கையில் ஈட்டியோடு நடுத்தெருவில் நிற்பான். இந்தத் திரைக்கதையை வேறொருவர் பெயரில் எழுதியது, வேலை கொடுக்கக் கூடாது என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்த கறுப்புப் பட்டியலில் இருந்த அதே டிரம்போ. எதிரே நிற்கும் துப்பாக்கிக்காரனாக நடித்த நெட்ரிக் யங்கும் கறுப்புப் பட்டியலில் இருந்தவர். காட்டிக்கொடுத்தவர் ஒரு பக்கம், காட்டிக்கொடுக்க மறுத்ததால் வேலை இழந்தவர் மறுபக்கம், இருவருக்கும் வசனம் எழுதியவர் சிறை மீண்டவர். படப்பிடிப்பில் சாப்பாட்டு வேளையில் என்ன பேசிக்கொண்டார்களோ!

கதையிலும் பாருங்கள், கொலையைக் கண்ணால் பார்த்த பக்கத்து நிலத்துக்காரன் குடும்பத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பான். வாய் திறப்பதும் திறக்காததும்தான் அந்தச் சின்னப் படத்தின் முழு விஷயம்.

நடுவர் நாற்காலி: அப்படியானால் அதை ஒரு பிராயச்சித்தமாக எடுத்துக்கொள்ளலாமா?

சம்பளம் வாங்கித்தான் நடித்தார். பிராயச்சித்தம் என்று பெரிய வார்த்தை போட வேண்டாம்.

சிவப்புத் துண்டு: இதைத்தான் நானும் சொல்கிறேன்!

சரி, ஒரு இடத்திலாவது ஒத்துப்போனோம். இந்தச் சண்டையை இங்கேயே நிறுத்துவோம், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கஸான் பற்றி இன்னும் எட்டுக் கேள்வி வந்திருக்கிறது, எதற்கும் இன்று பதில் இல்லை.

மதுரை மல்லி: 'ஜானி கிட்டார்' படத்தில் அவருக்கும் கதாநாயகி ஜோன் கிராஃபோர்டுக்கும் சண்டையாமே?

கிராஃபோர்டுக்கு எல்லாரோடும் சண்டை. முக்கியமாகப் படத்தின் இன்னொரு நடிகை மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜோடு. ஹாலிவுட்டில் இருக்கிற பணத்தையெல்லாம் கொட்டினாலும் இன்னொரு படம் அந்த அம்மாவோடு நடிக்க மாட்டேன் என்ற பொருளில் ஹேடன் பிற்பாடு பேசினார். படத்தலைப்பே அவர் பாத்திரத்தின் பெயர், ஆனால் மோதல் முழுவதும் இரண்டு பெண்களுக்கு நடுவில், அவர் ஓரமாக நின்று காப்பி குடிப்பார்.

கிசுகிசுவை விடுங்கள், இயக்குநர் நிக்கலஸ் ரே 1954-ல் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். கும்பல் ஒன்று ஒரு சின்னப் பையனைப் பிடித்துவைத்து, கிராஃபோர்டின் பாத்திரத்தைக் காட்டி, அவளும் உங்களோடு சேர்ந்தவள்தான் என்று சொல், உன்னை விட்டுவிடுகிறோம் என்கிறது. பையன் சொல்கிறான். சொன்ன பிறகும் தூக்கில் போடுகிறார்கள். அந்தக் கும்பலுக்குத் தலைமை தாங்குபவராக நடித்தவர் வார்டு பாண்ட், நிஜ வாழ்க்கையில் ஹாலிவுட்டின் கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் கூட்டணியில் முன்னணியில் நின்றவர். அதே படத்தில் மூன்று வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே பெயர் சொல்லிவிட்டு வந்த ஹேடன். சரி சரி, சண்டையை நிறுத்தச் சொன்னது நான்தான்.

வெள்ளைப் பாய்: 'ஜாஸ்' படத்தை ஏன் விட்டார்?

மேலே இருக்கிறது.

நள்ளிரவு வாசகி: குழந்தைகளைக் கடத்திக்கொண்டு கப்பலில் போனார் என்கிறார்களே, உண்மையா?

கடத்தல் என்று சொல்ல முடியாது, நீதிமன்றத்தை மீறினார் என்று சொல்லலாம். இரண்டாவது மனைவியோடு விவாகரத்து ஆன பிறகு நான்கு குழந்தைகளும் அவர் பொறுப்பில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு கடல் பயணம் போகக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. 1959 ஜனவரியில் நான்கு பேரையும் 'வாண்டரர்' கப்பலில் ஏற்றிக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து டஹிட்டிக்குக் கிளம்பிவிட்டார். கப்பல் 1893-ல் கட்டியது, ஒரு காலத்தில் துறைமுகத்துக்கு வழிகாட்டிக் கப்பலாக இருந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. அதைப் பெரிய சாகசம் என்று எழுதுகிறவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், கவனியுங்கள்.

திரும்பி வந்து, கையில் காசில்லாமல், சாஸலிட்டோவில் ஓய்வுபெற்றுக் கட்டிக்கிடந்த 'பெர்க்லி' என்ற பழைய ஃபெரியின் (பயணிகள் படகின்) சுக்கான் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்துதான் சுயசரிதையை எழுதினார். அந்த ஃபெரி இன்றும் இருக்கிறது, சான் டியேகோவின் கடல்சார் அருங்காட்சியகத்தில். ஹேடன் ரசிகர்கள் அமெரிக்கா போனால் கல்லறையைத் தேடாமல் அதைப் பாருங்கள்.

முதல் பெஞ்ச்: 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

சில வருஷம் நடிக்காமல் இருந்தவரைக் குப்ரிக் இங்கிலாந்துக்கு வரவழைத்தார். ஜெனரல் ஜாக் டி. ரிப்பர். தண்ணீரில் ஃபுளோரைடு கலப்பது கம்யூனிஸ்ட் சதி என்று நம்பி அணுகுண்டுப் போருக்கு ஆணையிடும் பைத்தியக்காரன். முதல் நாள் வசனம் வரவே இல்லை, வியர்த்துக் கொட்டியது, டேக் மேல் டேக். குப்ரிக் கோபப்படாமல், உங்கள் முகத்தில் இப்போது தெரியும் பயம்தான் நமக்கு வேண்டியதாகக்கூட இருக்கலாம் என்கிற மாதிரி ஆறுதல் சொன்னதாக ஹேடன் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். எல்லாரும் அதே படத்தில் நடித்த பீட்டர் செல்லர்ஸைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்காமல், சுருட்டைக் கடித்துக்கொண்டு, கீழேயிருந்து மேலே பார்க்கும் கேமராவுக்கு அந்தப் பைத்தியத்தை அவ்வளவு நிதானமாக விளக்கும் ஹேடன் இல்லையென்றால் செல்லர்ஸுக்கு எதிரே சுவர் இல்லை. கம்யூனிஸ்ட் பயத்தில் ஒருநாள் தவறான முடிவெடுத்தவர் இந்த வேடத்தைச் செய்கிறார் என்பதையும் மறக்காதீர்கள்.

பழைய ரீல்: வயதான பிறகு நடித்ததில் எது சிறந்தது?

'தி லாங் குட்பை' (1973), சந்தேகமே இல்லை. ராபர்ட் ஆல்ட்மன் இயக்கியது. குடித்துக் குடித்து எழுத்து நின்றுபோன எழுத்தாளர் ரோஜர் வேட். அந்த வேடம் நடிகர் டான் பிளாக்கருக்காக வைத்திருந்தது, அவர் 1972-ல் இறந்துவிட்டதால் ஹேடனுக்கு வந்தது. ஹேடனும் கதாநாயகன் எலியட் கூல்டும் கடற்கரை வீட்டில் பேசும் காட்சியில் எழுதிவைத்த வசனம் எது, சொந்தமாகப் பேசியது எது என்று பிரிக்கவே முடியாது. அந்தக் கடற்கரை வீடு ஆல்ட்மனுடைய சொந்த வீடுதான். இருபது வருஷம் முன்னால் முகத்தில் அசைவில்லாமல் நின்ற மனிதர் இதில் ஒவ்வொரு வாக்கியத்திலும் உடைகிறார். பெர்டோலூச்சியின் '1900' படத்தில் விவசாயக் குடும்பத்தின் பெரியவராக வருவதையும் பாருங்கள், ஆனால் ஐந்து மணி நேரப் பதிப்பு. வெட்டியது வேண்டாம்.

கொட்டாய் ரசிகன்: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? 'சடன்லி' இலவசமாகக் கிடைக்கிறது, வண்ணத்தில் இருக்கிறது, அதைப் பார்க்கட்டுமா?

ஐயோ, வேண்டாம்! வண்ணம் பூசிய பிரதியைத் தொடாதீர்கள். 1954-ல் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் அது. அமெரிக்க ஜனாதிபதியைச் சுட வரும் கொலைகாரனாக ஃபிராங்க் சினாட்ரா, ஊர் ஷெரீஃபாக ஹேடன். பிற்பாடு கம்ப்யூட்டரில் வண்ணம் பூசியவர்கள் சினாட்ராவின் கண்ணைப் பழுப்பாக்கிவிட்டார்கள். நீலக்கண் என்பதே அந்த மனிதருக்குச் செல்லப்பெயர்! கறுப்பு வெள்ளைப் பிரதியும் இலவசமாகவே கிடைக்கிறது, அதைத் தேடுங்கள். ஆரம்பிக்க 'தி கில்லிங்'. அப்புறம் 'அஸ்ஃபால்ட் ஜங்கிள்'. துண்டு துண்டாக யூடியூபில் பார்க்காமல் முழுசாகப் பாருங்கள்.

வெள்ளைப் பாய்: மேலே தேடினேன், கிடைக்கவில்லை. 'ஜாஸ்'...

வரி பாக்கி. தூத்துக்குடிக்காரனுக்குச் சொன்ன பதில். இனி சுறா கேள்வியெல்லாம் அவரிடமே கேளுங்கள்.

சிவப்புத் துண்டு: கார்ஃபீல்டுக்கு இதே மாதிரி ஒரு கேள்வி பதில் போடுவீர்களா? அவருக்குத்தான் போட வேண்டும்.

போடலாம். 'ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்' (1948) பார்த்துவிட்டு வாருங்கள், ஆப்ரஹாம் போலன்ஸ்கி இயக்கியது. அவரும் பெயர் சொல்ல மறுத்து, அடுத்த படம் இயக்க 1969 வரை காத்திருந்தவர்தான். படம் பார்க்காமல் வருகிறவர்களுக்குப் பதில் கிடையாது, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.